ஓடாத நீருக்கு இட்ட ஒற்றையாணை

நலம் நிற்க. நீர் நிலைக்க. நெல்லும் உப்பும் ஒன்றையொன்று மறவாதிருக்க.

மலைமுகட்டு மழையை மடி ஏந்தி வாங்கி நாடெங்கும் பகிர்ந்தளிப்பவரும், மேலணையின் மதகுகள் தம் பெயரைக் கேட்ட அளவில் தாமே தாழ் திறக்கும் என்று பாணர் பாடும் பெருமை உடையவரும், பொறைநாட்டின் ஏரிகளுக்கும் ஏர்களுக்கும் தலைவியுமாகிய பெருந்தேவி இளநாகத்தேவியார் திருமுன்பு, கானல்நாட்டு மன்னரின் இசைவால் செவ்வரியாற்றின் நடுவே கண்மண்டபத்தில் அமர்ந்த கண்சாட்சி, திரையூர் நக்கன் சாத்தன், தலை தாழ்த்தி விடுக்கும் ஓலை. தேவியாரின் கோல் நேர் நிற்க. தேவியாரின் நாட்டில் ஏர் பூட்டியவன் கையும், பால் கறந்தவள் கையும், கணக்கு எழுதியவன் கையும் சோர்வின்றி இருக்க. பாணர் பாடியது ஒருபுறம் இருக்க, மதகுகள் தாமே தாழ் திறப்பதில்லை என்பதை இவ்வாண்டு சாத்தன் கண்ணால் கண்டுவிட்டான். அதைச் சொல்லவே இவ்வோலை.

கண்சாட்சி எழுதும் ஓலையில் ‘நான்’ என்னும் சொல் வரலாகாது என்பது இரு நாட்டாரும் அறிந்த முறை. கண்ணாக உட்கார்ந்தவனுக்குத் தனக்கென்று ஒரு வாய் கூடாது என்று முன்னோர் எண்ணினர் போலும். ஆகவே சாத்தனைப் பற்றி, யாரோ ஓர் அயலானைப் பற்றிச் சொல்வதுபோலவே இங்கே சொல்லப்படும். கேட்ட சொல்லைக் கேட்டபடி எழுதுவதும் முறையே ஆகலின், சில இடங்களில் பரிசல்துறைப் பேச்சு அரசவைக்குள் நுழையும். தேவியார் பொறுத்தருள்க.

தேவியார் அறியாதது அன்று. எனினும் அவையில் இவ்வோலை படிக்கப்படும்போது இளையோரும் இருப்பர் என்பதால் பழைய செய்தி சற்றே சொல்லப்படுகிறது. ஆண்டுதோறும் புதுவெள்ளம் கடலைத் தொட்டவுடன், உல்லம் என்னும் மீன் உப்புநீரை விட்டு ஆற்றில் நுழைந்து, ஓட்டத்தை எதிர்த்து ஏறி, கானல்நாட்டைக் கடந்து, மேலணையையும் கடந்து, பொறைநாட்டின் குளிர்ந்த கூழாங்கல் மடுக்களில் சினையிட்டுத் திரும்பும். குஞ்சுகள் பின்னர் ஆற்றோடு இறங்கிக் கடலை அடையும். ஒரு பருவம் உல்லம் ஏறாவிட்டால், பின்வரும் பருவங்களில் கானல்நாட்டு வலைகள் காற்றைத்தான் அரிக்கும். ஆதலால் மீன் ஏறும் காலத்தில் பொறைநாடு ஆற்றுக்கு நீர் விடுவது என்றும், கைம்மாறாகக் கானல்நாடு உப்புப் படகுகளை அனுப்புவது என்றும் உடன்படிக்கை ஆயிற்று.

எவ்வளவு நீர் என்பதில்தான் முன்பு தலைகள் உருண்டன. முடிவில், அணைக்குக் கீழே ஆற்று நடுவிலுள்ள பாறையில் ஒரு கல்மீன் செதுக்கப்பட்டது. அந்தக் கல்மீனின் கண் நனைந்திருக்கும் வரை உடன்படிக்கை நிற்கும். கண் உலர்ந்தால் முறியும். அதைப் பார்ப்பதற்கென்றே எதிரே ஒரு மண்டபம் கட்டி, கானல்நாட்டான் ஒருவனை அதில் உட்கார வைத்தார்கள். அவன் தன் தவணை முடியும் வரை இக்கரையிலோ அக்கரையிலோ கால் வைக்கலாகாது. கரையில் கால் வைத்தவனுக்கு விருந்து கிடைக்கும், விருந்து உண்டவனுக்குக் கண் மங்கும் என்பது காரணம். அவன் தன் மன்னருக்கு எழுதக்கூடிய செய்தியும் இரண்டே. ‘கண் நனைந்தது’ என்று எழுதலாம். ‘கண் உலர்ந்தது’ என்று எழுதலாம். உலர்ந்தது என்று ஓர் ஓலை போனால் உப்பு நிற்கும்; உப்பு நின்றால் வேல் எழும்.

சாத்தனின் தவணை மூன்று பருவம். இது மூன்றாவது. மணமான மறு ஆண்டே அவன் பெயருக்கு ஓலை வந்தது. அவன் மனைவி புன்னைமாலை அழவும் இல்லை, தடுக்கவும் இல்லை, மூட்டை கட்டும்போது மட்டும் ஒவ்வொரு துணியையும் இரண்டு முறை மடித்தாள். மண்டபத்தில் அவனுக்குக் குறை ஒன்றும் இல்லை என்று சொல்லலாம். அரிசி வரும், விறகு வரும், வெற்றிலை வரும். ஆனால் இரு கரைகளும் கூப்பிடு தூரத்தில் இருந்தும், கால் வைக்க ஒன்றும் இல்லை. கரையில் திருவிழா நடக்கும்; பறை முழக்கம் மட்டும் வரும். கரையில் சண்டை நடக்கும். யார் பக்கம் நியாயம் என்று தெரிவதற்குள் அவர்கள் சமாதானமாகிப் போய்விடுவார்கள். மனிதன் மண்ணை மிதிக்காமல் இத்தனை காலம் இருக்கலாகாது, தேவியாரே. நடக்கும்போதே கால் எங்கோ மிதப்பதுபோல் ஆகிவிடுகிறது.

இவ்வாண்டு புதுவெள்ளம் முறை தவறாமல் வந்தது. செம்மண் கரைந்த நீர் மண்டபத்தின் மேற்படி வரை ஏறியது. அதனோடு உல்லமும் வந்தது; தண்ணீருக்கடியில் யாரோ வெள்ளித் தட்டங்களைக் கழுவிக் கவிழ்ப்பதுபோல் அணையின் அடி முழுவதும் பளிச்சிட்டது. சாத்தன் அன்று சோறு உண்ணவும் மறந்து படியில் அமர்ந்திருந்தான். இந்தக் கூட்டம் அணையைக் கடந்துவிட்டால் தன் தவணை தீர்ந்தது, தன்னை அழைத்துப்போக ஊர்ப் படகு வரும் என்பதே அவன் மனத்தில் ஓடிய ஓட்டம்.

அதன் பின் மழை கைவிட்டது. மேகம் மலையைத் தொட்டுவிட்டுப் போயிற்றே அன்றிப் பெய்யவில்லை. மேல்நாடாகிய பொறைநாட்டு வயல்களில் கதிர் பொதி கட்டும் பருவம். அப்போது நீர் குறைந்தால் நெல் பதராகும் என்பது குழந்தைக்கும் தெரியும். ஆகவே மேலணையின் மதகுகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. ஆற்றில் நீர் தாழ்ந்தது. கல்மீனின் முதுகு வெளிப்பட்டது, செதில் வெளிப்பட்டது. கண் எப்போது வெளிப்படுமோ என்று சாத்தன் படியை விட்டு எழாமல் உட்கார்ந்திருந்தான்.

கண் வெளிப்படவில்லை. கண்ணுக்கு ஒரு விரல் மேலே நீர் நின்றது, நின்றது நின்றதே. மதகுகள் மூடிய பின்னும் கல்மீனின் கண் நனைந்தே இருந்தது. சாத்தன் மகிழ்ந்து ‘கண் நனைந்தது’ என்று தன் மன்னருக்கு ஓலை விட்டான். வீடு திரும்பும் நினைப்பு வந்துவிட்ட மனிதனுக்கு நல்ல சேதி எதுவும் சந்தேகத்துக்கு உரியதாகத் தெரிவதில்லை. மூடிய அணைக்குக் கீழே நீர் எப்படி வற்றாமல் நிற்கும் என்று கேட்க அவனுக்குத் தோன்றவே இல்லை.

அவனுக்குப் புத்தி வந்தது எண்ணெய்க் குளியலால். சனிக்கிழமை தலைக்கு நல்லெண்ணெய் வைத்து, சீயக்காய் தேய்த்து, படியில் இறங்கி முழுகினான். மற்ற சனிக்கிழமைகளில் அவன் குடுமியைப் பிழிந்து முடிக்குமுன் நுரையெல்லாம் மண்டபத்து மூலையைச் சுற்றிக்கொண்டு கானல்நாட்டை நோக்கிப் போய்விடும். தனக்கு முன்னால் தன் அழுக்காவது ஊருக்குப் போகிறதே என்று அவன் தன்னைத்தானே கேலி செய்துகொள்வதும் உண்டு. அன்று நுரை போகவில்லை. இடுப்பைச் சுற்றி அப்படியே நின்றது. மறுநாள் காலையில் வந்து பார்த்தான். அதே படியில், அதே நுரையின் மிச்சமும் எண்ணெய்ப் படலமும், அவற்றில் செத்து ஒட்டிய ஈக்களும் இருந்தன. ஒரு துரும்பைக் கிள்ளிப் போட்டான். அது சற்றே சுழன்று அவன் காலுக்கே திரும்பி வந்தது. நீரில் கைவிட்டுப் பார்த்தான். அடுப்படியில் வைத்த குடத்து நீர்போல் வெதுவெதுப்பாக இருந்தது. அப்போது அவன் முழங்காலருகே ஓர் உல்லம் மேலே வந்து, வாயைத் திறந்து திறந்து மூடி, ஒருக்களித்துச் சாய்ந்தது.

மண்டபத்துக்கு அரிசியும் விறகும் கொண்டுவருபவள் சேந்தி என்னும் பரிசல்காரி, பொறைநாட்டுக் குடி. நீர் ஏன் ஓடவில்லை என்று சாத்தன் கேட்டான். அவள் விறகை அடுக்கினாள், அடுக்கிய விறகையே மறுபடியும் அடுக்கினாள். தன்னைப் பரிசலில் ஏற்றி ஆற்று வளைவு வரை கொண்டுபோகும்படி அவன் கேட்டுக்கொண்டான். கண்சாட்சி கரையில் கால் வைக்கலாகாதே அன்றி, நீரில் போகலாகாது என்று எங்கும் இல்லை. அவள் வேறு வழியின்றித் துடுப்பை எடுத்தாள்.

வளைவைக் கடந்தவுடன் கண்டான். மண்டபத்தின் கண்ணுக்கு மறைவாக, கரைக்குக் கரை ஒரு கொரம்பு எழும்பியிருந்தது. பனந்துண்டுகளை நட்டு, முட்செடியும் கோரையும் மணலும் திணித்து எழுப்பிய தடுப்பு அது. உல்லம் அணையின் அடிக்கு வந்து சேர்ந்த பின், அவற்றின் முதுகுக்குப் பின்னால், காதும் காதும் வைத்தாற்போல் கட்டி முடித்திருக்கிறார்கள். மேலே மூடிய அணை, கீழே மூடிய கொரம்பு. நடுவில் தேங்கிய நீர், அதில் கல்மீனும் உயிர்மீனும் கண்சாட்சியும். கொரம்புக்குக் கீழே ஒரு காட்டாறு வந்து கலப்பதால் கானல்நாட்டார்க்கும் குறை உடனே தெரியவில்லை. கல்மீனின் கண்ணை நனைப்பதற்கு இதைவிட மலிவான வழி இருக்க முடியாது. கட்டியவனின் கெட்டிக்காரத்தனத்தை மெச்சத்தான் வேண்டும்.

கொரம்பின் மறுபக்கத்தில், கணுக்கால் நீரில் தட்டி, ஒரு படகு சாய்ந்து நின்றது. அதன் முகப்பில் தீட்டியிருந்த புன்னைக் கொத்தைக் கண்டதும் சாத்தன் அறிந்துகொண்டான். திரையூர்ப் படகு. அவனை அழைத்துப்போக வந்த படகு. பரிசலின் விளிம்பு கொரம்பில் இடித்தது. நாலு எட்டு வைத்தால் மறுபக்கம். ஆனால் கரையோடு சேர்ந்தது கரையே ஆகும் என்பதால் அந்த நாலு எட்டையும் அவன் வைக்க முடியாது. ஊரின் தார் வாசனை மூக்கில் ஏற, பரிசலின் நடுவில் குந்தியபடியே இருந்தான். படகின் தலைவன் கடம்பன் அவனை அடையாளம் கண்டு, கொரம்பின் மேல் ஏறி வந்து, கைகூப்பிச் சொன்னது:

“உங்க வீட்டம்மா கூரையைப் புதுசா மாத்திட்டாங்க. எப்ப வருவாருன்னு நான் கேக்க மாட்டேன், படகுல பாய் போட்டிருக்குன்னு மட்டும் அவருகிட்ட சொல்லுன்னாங்க.”

படகின் நடுத்தட்டில் அந்தப் பாய் விரித்தே இருந்தது. புதிய கோரைப் பாய். ஓரத்தில் சிவப்புச் சாயம். சாத்தன் அதைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

திரும்பும் வழியில் சேந்தியிடம் முன்பே ஏன் சொல்லவில்லை என்று அவன் கேட்டான். அணைக்கு மேலே அவள் வீட்டாருக்கு ஒரு துண்டு வயல் உண்டு. அதன் நெல்லும் பொதி கட்டி நிற்கிறது. அவள் துடுப்பை நிறுத்தாமல் விடை சொன்னாள். “மதகத் திறந்தா எங்க வயலு காயும். மூடி வச்சா மீனு சாகும். ரெண்டும் எனக்குத் தெரியும். அதுக்கு மேல என்னக் கேக்காதீங்க ஐயா.”

செய்தி அவனுக்கு முன்னே கரையேறிவிட்டது. மறுநாளே தேவியாரின் நீர்நாயகர் வேட்டனார், வெள்ளித் தட்டில் வெற்றிலையோடும் முகம் நிறைந்த சிரிப்போடும் மண்டபத்துக்கு எழுந்தருளினார். அவரைக் குறைத்துப் பேச இவ்வோலை விரும்பவில்லை. அவர் தம் பைக்குள் ஒரு நெல்மணியும் போட்டுக்கொண்டவர் அல்லர். மேல்நாட்டு வயல்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, எதில் எந்த மடை வழியாக நீர் பாய்கிறது, எதில் நிலம் வெடிக்கத் தொடங்கிவிட்டது என்று தம் பிள்ளைகளின் நோயைச் சொல்வதுபோல் சொன்னார். சொன்னது அத்தனையும் உண்மை. பின்னர் சாத்தன் கொரம்பைப் பற்றிக் கேட்டான். அவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவியபடியே சொன்னார்:

“உடன்படிக்கையிலே கண் நனையணும்னுதானே இருக்கு, சாட்சியாரே? தண்ணி ஓடணும்னு எங்கே இருக்கு?”

சாத்தன் உடன்படிக்கையை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தான். அப்படி எங்கும் இல்லை. முன்னோர் ஆழத்தை அளந்தார்கள், ஓட்டத்தை அளக்க மறந்தார்கள். ஆறு என்றால் ஓடும் என்று நம்பிவிட்டார்கள் பாவம். வேட்டனார் மேலும் கனிவாகச் சொன்னது இது: பருவம் முடியப்போகிறது, சாட்சியார் தம் கடைசி ஓலையையும் உள்ளபடியே, கண் நனைந்தது என்றே எழுதிவிட்டால் அதில் பொய் ஏதும் இல்லை, அதன்பின் கொரம்பில் ஒரு வாய் வெட்டி ஊர்ப் படகை மண்டபத்துக்கே வரவழைத்துத் தருவார், பாய் விரித்தே இருக்கிறதாமே, படுத்துக்கொண்டே ஊர் போய்ச் சேரலாம். பாயின் செய்தி கூட அவர் காதுக்கு எட்டியிருந்தது சாத்தனுக்குச் சுட்டது.

அவர் போன பின் சாத்தன் அகப்பட்டுக்கொண்டான் என்பதே சரி. நனைந்தது என்று எழுதினால் உண்மை. ஆனால் அந்த உண்மைக்கு அடியில் மீன் செத்து மிதக்கும். உலர்ந்தது என்று எழுதினால் மீனுக்கு நீதி; ஆனால் அது பொய், அந்தப் பொய்க்கு இரு நாட்டுப் பிள்ளைகளும் வேல் எடுக்க வேண்டும். ஒன்றும் எழுதாமலே இருக்கலாம் என்றால், ஓலை வராத பருவமும் உலர்ந்த பருவமாகவே கொள்ளப்படும். மண்டபத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தான். எந்தத் தூணுக்குப் போனாலும் அடுத்த தூண் அதே இடத்துக்குக் கொண்டுவந்து விட்டது. வேட்டனார் மேல் கோபப்பட முயன்றான், முடியவில்லை. சேந்தியின் வயல் கண்முன் வந்தது. தன் மேலேயே கோபப்பட்டான். அதுவும் நெடுநேரம் நிற்கவில்லை, பாய் வந்து நின்றது. வீட்டுக்குப் போக வேண்டும். அதுதான் உண்மை, தேவியாரே. மீனாவது நெல்லாவது, எனக்கென்ன என்று வீட்டுக்குப் போக வேண்டும் என்றிருந்தது அவனுக்கு. (‘எனக்கென்ன’ என்பது அவன் நினைத்தபடியே எழுதப்பட்டது, முறை மீறியதாகக் கொள்ளற்க.)

விடிந்ததும் சேந்தியை அழைத்து, பரிசலில் அணையின் அடிக்குப் போனான். செத்து மிதந்தவற்றை நாரைகள் கொத்திக்கொண்டிருந்தன. உயிரோடிருந்தவை அந்தப் பெரிய மடுவில் எங்கும் பரவி இல்லை. ஆழமான இடத்திலும் இல்லை. அணையின் ஓரத்தில், அடியில் படியும் மணலை வெளியேற்றும் மணற்போக்கி மதகின் பலகை சரியாகப் பொருந்தாத ஓரிடத்தில், நூல் அளவு நீர் கசிந்து விழுந்துகொண்டிருந்தது. அத்தனை உல்லமும் அங்கேதான் இருந்தன. ஒன்றின் மேல் ஒன்றாக நெருக்கியடித்து, அந்த நூல் கசிவை நோக்கித் தலை வைத்து, இருந்த இடத்திலேயே நீந்திக்கொண்டிருந்தன. சினையால் வயிறு புடைத்த ஒன்று மூடிய பலகையில் மூக்கை வைத்து அழுத்திக்கொண்டே இருந்தது. மூக்கின் தோல் உரிந்து வெளுத்திருந்தது. அந்த மடுவில் ஓடும் நீர் அது ஒன்றே. அதை அவை கண்டுபிடித்துவிட்டன.

சாத்தன் அங்கேயே, பரிசலில் குந்தியபடி அழுதான். ஏன் அழுதான் என்று அவனைக் கேட்டால் மீனுக்காக என்று மட்டும் சொல்ல மாட்டான். சேந்தி வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

ஆனால் அந்தக் கசிவு அவனுக்கு ஒன்றைக் காட்டியது. மீன் கேட்பது ஆற்றின் முழு வெள்ளம் அன்று; வயலைக் காயவைக்கும் அளவு நீரும் அன்று. தலை வைக்க ஓர் ஓட்டம், அதுவும் அது ஏறும் வேளையில். உல்லம் இருட்டியபின் ஏறும். பகலில் அடியில் கிடக்கும். வயலோ பகலில் பாய்ச்சினாலும் பாயும். இதை வேட்டனாருக்குச் சொல்லி அனுப்பினான். நல்ல யோசனைதான், அடுத்த ஆண்டு அவையில் வைத்துப் பேசலாம் என்று மறுமொழி வந்தது. அடுத்த ஆண்டு பேசுவதற்கு மீன் இருக்காது.

ஆகவே எஞ்சியது ஒன்றே. உடன்படிக்கையின் கடைசி வரியில், யாரும் படிக்காத இடத்தில், ஒற்றையாணை என்று ஒன்று உண்டு. கண் நனைந்திருக்கும்போதும், கண்சாட்சி தன் தவணையில் ஒரே ஒரு முறை, காரணம் சொல்லி, மதகைத் திறக்க ஆணையிடலாம். பொறைநாடு மறுக்கலாகாது; ஆணை நிறைவேறினால் அந்தப் பருவம் கண் நனைந்த பருவமாகவே கொள்ளப்படும். ஆனால் ஆணையிட்டுவிட்டு ஊருக்குப் போய்ச் சிரித்துக்கொண்டிருப்பான் என்று மேல்நாட்டார் அஞ்சியதால், அதற்கு ஒரு விலையும் வைத்தார்கள். ஒற்றையாணை இட்ட கண்சாட்சி பின்னர் கானல்நாடு திரும்பலாகாது. யாருடைய நீரைத் திறந்தானோ அவர்களோடு, அவர்கள் விளைவித்ததை உண்டு, அவர்களுக்குக் குறைந்தால் தானும் குறைந்து, சாகும் வரை பொறைநாட்டிலேயே வாழ வேண்டும். இதுவரை எந்தக் கண்சாட்சியும் இதை இட்டதில்லை. அவர்களும் வீடு உள்ளவர்களே.

சாத்தனுக்கு அச்சம் இல்லை என்று இவ்வோலை சொல்லாது. எழுத்தாணி பிடித்த கை இருமுறை நழுவி இரண்டு ஏடுகள் கெட்டன. இது மூன்றாவது ஏடு.

எனவே, மலை காக்கும் பெருந்தேவியாரின் திருமுன்பு, உடன்படிக்கையின் பெயராலும் கல்மீனின் பெயராலும் கண்சாட்சி இடும் ஒற்றையாணை இது. வளைவிலுள்ள கொரம்பு நடுவில் வெட்டப்படுக. தேங்கிய நீர் ஒரே பாய்ச்சலாகப் போய் மீனையும் கீழே நிற்கும் படகையும் அடித்துச் செல்லாதபடி, சிறிது சிறிதாக வெட்டப்படுக. மணற்போக்கி மதகு ஒவ்வொரு நாளும் விளக்கு வைக்கும் வேளையில் ஒரு முழம் உயர்த்தப்பட்டு, கோழி கூவும் வேளையில் இறக்கப்படுக. கூட்டம் அணையைக் கடந்து முடியும் வரை இவ்வாறே நடக்க. பகல் நீர் முழுவதும் வயலுக்கே பாய்க; கடைமடை வயல்கள் முதலில் நனைய, தலைமடை வயல்கள் பின்னர் நனைக, ஏனெனில் தலைமடைக்காரன் எப்படியும் காத்துக்கொள்வான். மீன் ஏறி முடியும் வரை மடுவில் வலையோ கூடையோ விழாதிருக்க.

இதற்கு மேல் சொல்வது ஆணை அன்று, வேண்டுகோள். இனி வரும் கண்சாட்சிக்குக் கல்மீனின் கண்ணோடு ஒரு துரும்பும் கொடுக்கப்படுக. கல்மீனின் வாயருகே இட்ட துரும்பு அதன் வாலைத் தாண்டிப் போக வேண்டும். தாண்டினால் நனைந்தது என்று எழுதுக, திரும்பி வந்தால் உலர்ந்தது என்று எழுதுக. மழை பொய்த்த ஆண்டில் நெல்லுக்குக் குறைந்தால் கானல்நாடு உப்போடு கருவாடும் சேர்த்து அனுப்பவேண்டும் என்று, ஒற்றையாணையோடு அந்த இரண்டு செய்திக் கட்டும் நீங்குவதால், சாத்தன் தன் மன்னருக்கும் தனியே எழுதியிருக்கிறான். கேட்பார் என்றே நம்புகிறான்.

விலையைச் சாத்தன் ஒப்புக்கொள்கிறான். மதகு உயர்ந்த மறுநாள் அவன் பொறைநாட்டுக் கரையில் கால் வைப்பான். இத்தனை காலம் மண்ணுக்கு ஏங்கிய கால் மண்ணை மிதிக்கும். அது அவன் கேட்ட மண் அன்று. சேந்தியின் வயலருகே ஒரு குடிசைக்கு இடம் தேவியார் அருள்க. அவள் வயல் காய்ந்தால் அவள் வசை முதலில் அவன் காதில் விழட்டும், அதுவே முறை.

இன்னும் ஒன்று. நீர்நாயகர் வேட்டனாருக்குச் சாத்தன் நன்றி உடையவன். எழுதியதை எழுதியபடியே படிக்கும் வித்தையை அவரிடம்தான் அவன் கற்றான். கற்றதை வைத்துக்கொண்டு உடன்படிக்கையின் கடைசி வரியை மறுபடியும் படித்தான். கண்சாட்சி கானல்நாடு திரும்பலாகாது என்றுதான் அதில் இருக்கிறது. அவன் மனைவி பொறைநாடு ஏறி வரலாகாது என்று எங்கும் இல்லை.

ஆதலால் கடம்பனின் படகு, கொரம்பு வெட்டுண்டதும், தாமதியாமல் ஊர் திரும்புக. நடுத்தட்டில் விரித்த பாய் சுருட்டப்படாதிருக்க. புன்னைமாலையிடம் கடம்பன் சொல்ல வேண்டியது நீளமானது அன்று. எப்போது வருவாய் என்று அவள் கேட்கவில்லை. வருவாயா என்று சாத்தனும் கேட்கமாட்டான். படகில் பாய் போட்டே இருக்கிறது என்று மட்டும் சொல்க. அவள் வராவிட்டால் படகு அவளைக் குறை கூறாதிருக்க. வந்தால், ஓட்டத்தை எதிர்த்து ஏறி வரும் அந்தப் படகை எந்தத் துறைக்காவலனும் தடுக்காதபடி தேவியாரின் கை ஓங்குக.

மலையும் கடலும் அறிய, கல்மீன் அறிய, கண்சாட்சி நக்கன் சாத்தன் குளிக்கும் படியிலேயே எடுத்த களிமண்ணில் மீன்கண் முத்திரை ஒற்றி விடுத்த ஓலை. இது ஒற்றையாணை ஆகலின் இதற்கு மறு ஓலை இல்லை. முத்திரை இன்னும் ஈரமாக இருக்கிறது. அது காய்வதற்குள் மதகு திறக்கப்படுக.